சைனஸில் வித்தியாசமான கட்டி: ஸ்கேன், பயாப்ஸி, ஆபரேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூக்கடைப்புக்கு என்று போய் ஸ்கேன் எடுத்த இடத்தில் 'கட்டி' என்ற சொல் ரிப்போர்ட்டில் வந்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. அப்படி வந்து நிற்பவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அலர்ஜி, அடிக்கடி வரும் சைனஸ் தொல்லை, இரண்டு மூக்குத் துவாரத்திலும் வரும் சாதாரண பாலிப் (சதை வளர்ச்சி) இதெல்லாம் இங்கே கிடையாது. ஒரு பக்கமாக, என்னவென்று சட்டென்று பிடிபடாமல் வளரும் சமாச்சாரங்களைப் பற்றி மட்டும்தான். உங்கள் மூக்குக்குள் கேமராவை விட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு மேல் எதுவும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரிப்போர்ட்டில் சைனஸில் 'மாஸ்' என்று இருக்கிறது. புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுநோய்கள் அத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் அதில் மூக்கு, சைனஸ் இரண்டின் பங்கு 3 முதல் 5 சதவீதம்தான். 'மாஸ்', 'லீஷன்', 'சாஃப்ட் டிஷ்யூ' என்றெல்லாம் ரிப்போர்ட்டில் எழுதுவதற்குப் பல நேரம் ஒரே அர்த்தம்தான்: இங்கே காற்று இருந்திருக்க வேண்டும், வேறு ஏதோ இருக்கிறது. உறைந்த சளி, பூஞ்சை, பல் வேரிலிருந்து ஏறிய சீழ், சாதாரண நீர்க்கட்டி எல்லாமே அந்தச் சொற்களுக்குள் வந்துவிடும்.

கன்னத்துச் சைனஸின் தரையில் வழவழப்பாகக் குவிந்து நிற்கும் 'ரிடென்ஷன் சிஸ்ட்' என்ற ஒன்றை நிறையப் பேருக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகப் பார்ப்போம். தொந்தரவு இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம். ரிப்போர்ட்டில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

சரி, எப்போதுதான் கவலைப்பட வேண்டும்?

ஒரு பக்கம் மட்டும் என்றால். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். அலர்ஜியும் சாதாரண பாலிப்பும் பெரும்பாலும் இரு பக்கமும் வரும். வலது பக்கம் மட்டும் ஆறு மாதமாக அடைத்துக்கொண்டிருக்கிறது, இடது பக்கம் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக்கூடாது, உள்ளே பார்த்தாக வேண்டும்.

கூடவே அதே பக்கம் விட்டுவிட்டு ரத்தம் கசிவது, கன்னமோ மேல் உதடோ மரத்துப்போவது, கண் லேசாகப் பிதுங்குவது, இரண்டாகத் தெரிவது, ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் வடிவது, காரணமில்லாமல் மேல் பல் ஆடுவது, நேற்றுவரை சரியாக உட்கார்ந்த பல்செட் திடீரென்று பொருந்தாமல் போவது, வாயைத் திறக்க முடியாமல் இறுகுவது, கழுத்தில் நெறி கட்டுவது எல்லாம் அவசரம் காட்டும் அடையாளங்கள். இதில் பல், வாய் சம்பந்தப்பட்டவற்றுக்கு ஆட்கள் முதலில் பல் டாக்டரிடம் போவார்கள், அல்லது பல்லைப் பிடுங்கிவிட்டுப் புண் ஆறவில்லை என்று அலைவார்கள். பல்லைப் பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமல் அங்கே சதை வளர்கிறது என்றால் மேலே சைனஸைப் பார்க்காமல் விடக்கூடாது.

இன்னொரு சிக்கல், இந்தக் கட்டிகள் வளர்வதற்கு உள்ளே காலி இடம் தாராளமாக இருக்கிறது. சுவரைத் தொடும்வரை வலிக்காது, அடைக்காது. அதனால்தான் பலருக்கும் பெரிதான பிறகுதான் தெரியவருகிறது. வலி இல்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது.

ஒரு பக்கக் கட்டி என்றால் என்னவெல்லாமாக இருக்கலாம்?

பட்டியல் நீளமானது, அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன். சிறுவர்களிலும் இளைஞர்களிலும் கன்னத்துச் சைனஸிலிருந்து கிளம்பி மூக்கின் பின்வாசல் வழியாகத் தொண்டைப் பக்கம் தொங்கும் ஒற்றைப் பாலிப் ஒன்று உண்டு, ஆன்ட்ரோகோனல் பாலிப். 1906-இல் கில்லியன் என்ற ஜெர்மன் மருத்துவர் இது கன்னத்துச் சைனஸிலிருந்துதான் வருகிறது என்று விவரித்தார். கெட்டது இல்லை, ஆனால் வெளியே தெரியும் பாகத்தை மட்டும் பறித்தெடுத்தால் திரும்பி வரும், சைனஸுக்குள் ஒட்டியிருக்கும் அடியையும் எடுக்க வேண்டும்.

நடுத்தர வயதுக்கு மேல் ஒரு கன்னத்துச் சைனஸ் மட்டும் நிரம்பி, நடுவில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சைப் பந்தாக இருக்கலாம். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் சைனஸ் தரையை ஒட்டியே இருப்பதால் பல் சீழ், பல் நீர்க்கட்டி, தாடை எலும்பில் வளரும் அமிலோபிளாஸ்டோமா எல்லாம் சைனஸ் கட்டி வேஷத்தில் வரும். சின்ன வயதில் மூக்கில் போட்டு மறந்துபோன விதையோ பட்டனோ சுற்றிலும் சுண்ணாம்பு படிந்து பெரியவரான பிறகு கல்லாக வெளிப்படுவதும் உண்டு. இவை போக, கீழே தனித்தனியாகச் சொல்லப்போகும் இன்வெர்ட்டட் பாப்பிலோமா, ஆஸ்டியோமா, மியூகோசீல், ஆஞ்சியோஃபைப்ரோமா, அப்புறம் புற்றுநோய் வகைகள்.

கட்டி மாதிரி தெரிந்தாலும் ஆபரேஷன் கேஸே இல்லாதவையும் இருக்கின்றன. ரத்தக் குழாய்களைத் தாக்கும் கிரானுலோமடோசிஸ் என்ற நோயில் மூக்குக்குள் புண்ணும் பொருக்கும் படிந்து நடுத்தடுப்பு ஓட்டையாகி மூக்கு அமுங்கிப்போகும். அதற்கு ஆன்கா என்ற ரத்தப் பரிசோதனையும் பயாப்ஸியும் சேர்ந்து வழிகாட்டும், வைத்தியம் மாத்திரை, ஊசிதான்.

டாக்டர் உள்ளே கட்டியைப் பார்த்தார், ஆனால் உடனே கிள்ளி பயாப்ஸி எடுக்கவில்லை. ஏன் தாமதம்?

அவர் சரியாகத்தான் செய்கிறார். முதலில் கேமரா, பிறகு ஸ்கேன், அதற்குப் பிறகுதான் பயாப்ஸி. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று உதாரணம் போதும்.

பதின்ம வயதுப் பையனுக்கு மூக்கின் பின்பக்கம் சிவப்பாக, பளபளவென்று ஒரு கட்டி. ஆஞ்சியோஃபைப்ரோமா. முழுக்க ரத்தக் குழாய்களால் ஆனது, அந்தக் குழாய்களுக்குச் சுருங்கி ரத்தத்தை நிறுத்தும் தசைப் படலமும் சரியாகக் கிடையாது. வெளிநோயாளிப் பிரிவின் நாற்காலியில் உட்கார வைத்துக் கிள்ளினால் நிறுத்த முடியாத அளவுக்கு ரத்தம் கொட்டும்.

இரண்டாவது, மூக்கின் கூரையிலிருந்து தொங்கும், பார்ப்பதற்குச் சாதுவான பாலிப். சிறு குழந்தை அழும்போது அது உப்புகிறது, அல்லது கழுத்துச் சிரையை லேசாக அழுத்தினால் பெரிதாகிறது. அது பாலிப் இல்லை, மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள ஓட்டை வழியாக இறங்கிய மூளை உறையும் சில சமயம் மூளையின் துண்டுமே. அதைக் கிள்ளினால் மூளையைச் சுற்றியிருக்கும் நீர் மூக்கு வழியே ஒழுகும், பின்னாடியே மூளைக்காய்ச்சல் வரும்.

மூன்றாவது, மண்டையின் நடு ஆழத்தில் இருக்கும் ஸ்பீனாய்டு சைனஸ். அதன் பக்கச் சுவரை உரசிக்கொண்டு கரோட்டிட் ரத்தக் குழாயும் பார்வை நரம்பும் போகின்றன. அங்கே தெரியும் வட்டமான வீக்கம் அந்த ரத்தக் குழாயின் புடைப்பாகவே இருக்கலாம், பிட்யூட்டரி சுரப்பியின் கட்டி கீழே இறங்கியதாகவும் இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள்.

சி.டி. எடுத்தாச்சு. மறுபடி எம்.ஆர்.ஐ. எதற்கு? பணம் பிடுங்கவா?

இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான், ஆனால் இங்கே இரண்டும் இரண்டு வேலை செய்கின்றன. சி.டி. எலும்பைக் காட்டும். எலும்பு மெல்ல வளைந்து கொடுத்திருக்கிறதா (மெதுவாக வளரும் கட்டி), அரித்துத் தின்னப்பட்டிருக்கிறதா (வேகமானது), ஒரே ஓர் இடத்தில் தடித்துப் போயிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். ஆனால் சி.டி.யில் கட்டியும் அதற்குப் பின்னால் தேங்கிய சளியும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். சைனஸ் முழுக்க நிரம்பியிருக்கிறது என்று பயப்படுவோம், எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் உண்மையான கட்டி ஒரு ஓரத்தில் சின்னதாக இருக்கும், மீதி எல்லாம் சைனஸின் வாசல் (சளி வடியும் துளை) அடைத்ததால் தேங்கிய சளி. ஆபரேஷனின் அளவையே இது மாற்றிவிடும். கண்குழியின் உறைக்குள், மூளை உறைக்குள், நரம்புகளின் வழியாகக் கட்டி போயிருக்கிறதா என்பதையும் எம்.ஆர்.ஐ.தான் சொல்லும், அதுவும் கான்ட்ராஸ்ட் ஊசியோடு எடுத்தால்.

எம்.ஆர்.ஐ. மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. பூஞ்சையும் காய்ந்து இறுகிய சளியும் நிரம்பிய சைனஸ், எம்.ஆர்.ஐ.யின் டி2 படங்களில் கன்னங்கரேலென்று தெரியும், அதாவது காற்று நிரம்பிய ஆரோக்கியமான சைனஸ் மாதிரியே. சி.டி.யைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர் 'நார்மல்' என்று எழுதிவிட வாய்ப்பிருக்கிறது. பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை, புற்றுநோய் என்று உறுதியான பிறகு வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

பயாப்ஸி முடிவு 'தெளிவாக இல்லை' என்று வந்திருக்கிறது. மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியின் மேல்பரப்பு பெரும்பாலும் வீங்கிய ஜவ்வு, அழற்சி, செத்த திசு இவைதான். உண்மையான கட்டி அதற்கு அடியில் இருக்கும். மேலாகக் கிள்ளிய துண்டில் 'அழற்சி மட்டும்' என்று ரிப்போர்ட் வந்து, அதை நம்பி மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வது நடக்கிற விஷயம். ஸ்கேன் காட்டுவதும் பயாப்ஸி சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்கேனை நம்பி இன்னொரு தடவை ஆழமாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம். மயக்கம் கொடுத்து தியேட்டரில் எடுத்தால் துண்டும் பெரிதாகக் கிடைக்கும், ரத்தம் வந்தாலும் சமாளிக்கலாம்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் இந்தப் பகுதிக் கட்டிகள் பல ஒன்றுபோலவே இருக்கும். சின்னச் சின்ன, வட்டமான, நீல நிறச் செல்கள் குவியலாகத் தெரியும். அது நிணநீர்ச் செல்களின் புற்றுநோயான லிம்போமாவா, நுகர்வு நரம்பிலிருந்து வரும் நியூரோபிளாஸ்டோமாவா, மெலனோமாவா, வேறொன்றா என்று அப்படியே பார்த்துச் சொல்ல முடியாது. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்று தனித்தனிச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கூடுதல் நாட்கள். லிம்போமா என்று சந்தேகம் இருந்தால் துண்டின் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் பச்சையாகவே ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். இன்னொன்று, பயாப்ஸிக்கு முன்னால் வீக்கம் குறையட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள். லிம்போமாவை ஸ்டீராய்டு தற்காலிகமாகக் கரைத்து ஆய்வையே குழப்பிவிடும்.

சில நேரம் ரிப்போர்ட்டில் யாரும் எதிர்பார்க்காத பதில் வரும்: இது சைனஸில் தொடங்கியதே இல்லை, சிறுநீரகத்திலிருந்து வந்தது என்று. வேறு உறுப்பிலிருந்து சைனஸுக்குப் பரவும் புற்றுநோய்களில் சிறுநீரகப் புற்றுநோய்தான் முதலிடம், மூக்கில் ரத்தம் வருவதே அதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இன்வெர்ட்டட் பாப்பிலோமா என்று வந்திருக்கிறது. இது நல்லதா கெட்டதா?

நல்ல வகைதான், ஆனால் குணம் சரியில்லாதது. மூக்கின் உட்பக்க ஜவ்விலிருந்து வரும் இந்தக் கட்டி வெளியே நோக்கி வளர்வதோடு நிற்காமல் அடியில் உள்ள திசுவுக்குள்ளும் மடிந்து மடிந்து வளரும், 'இன்வெர்ட்டட்' என்ற பெயர் அதனால் வந்ததுதான். சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அதோடு சேர்ந்தோ பிற்காலத்திலோ புற்றுநோய் காணப்படுகிறது. அதனால் எடுக்காமல் விட முடியாது, எடுப்பதையும் அரைகுறையாக எடுக்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். கட்டி எவ்வளவு பெரிது என்பதை விட அது எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம். மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும் கட்டி பார்த்தால் கன்னத்துச் சைனஸின் ஓரமாக ஒரு ரூபாய் நாணய அகலத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். சி.டி.யில் எலும்பு ஒரே இடத்தில் மேடாகத் தடித்திருந்தால் பெரும்பாலும் அதுதான் அடி. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் மடிப்புகளைப் போல வரிவரியாகத் தெரியும் அமைப்பு எந்தப் புள்ளியிலிருந்து விரிகிறது என்பதையும் பார்ப்பார்கள்.

தியேட்டரில் நடப்பது இப்படி. முதலில் மூக்குக்குள் தொங்கும் பாகத்தை மைக்ரோடிப்ரைடர் என்ற, உறிஞ்சிக்கொண்டே வெட்டும் கருவியால் குறைத்துக்கொண்டே போவார்கள். குறைக்கக் குறைக்க இடம் கிடைக்கும், எது கட்டி, எது அதன் அழுத்தத்தால் வீங்கிய சாதாரண ஜவ்வு என்று பிரிந்து தெரியும். கடைசியில் கட்டியின் காம்பு மட்டும் எலும்பில் ஒட்டி நிற்கும். அந்த இடத்தில் அவசரமே கூடாது. சுற்றிலும் நல்ல ஜவ்வை ஒரு விளிம்பாக விட்டு வளையமாக வெட்டி, எலும்பிலிருந்து சீவி எடுத்து, அடியில் உள்ள எலும்பையே வைர முனை ட்ரில்லால் தேய்ப்பார்கள். எலும்பின் குழிகளுக்குள் கட்டியின் துணுக்குகள் புதைந்திருக்கும் என்பதால்தான் இந்தத் தேய்ப்பு. விளிம்புத் துண்டுகளை உடனடியாக உறைநிலை ஆய்வுக்கு அனுப்பி, சுத்தம் என்று பதில் வந்த பிறகு முடிப்பவர்களும் உண்டு. புல்லை மேலாக அறுத்துவிட்டு வந்த தோட்டம் மாதிரி, தொங்கும் பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு 'பாலிப் எடுத்தாச்சு' என்று அனுப்பிவிட்டால் மறுபடி அதே இடத்தில்தான் வரும், அதுவும் தழும்புக்கு நடுவே, முதல் தடவையை விடச் சிக்கலாக.

கட்டி கன்னத்துச் சைனஸின் முன்சுவரிலோ பக்கத்திலோ ஒட்டியிருந்தால் வழக்கமான வாசல் வழியே கருவி எட்டாது. மூக்கின் பக்கச் சுவரை எடுத்தோ, கண்ணீர்க் குழாய்க்கு முன்னால் ஒரு வழி திறந்தோ போவார்கள். நெற்றிச் சைனஸில் இருந்தால் இரு பக்க நெற்றிச் சைனஸையும் ஒரே பெரிய வாசலாக்கும் டிராஃப் 3 என்ற முறை, அதுவும் எட்டாவிட்டால் வெளியிலிருந்து.

பூஞ்சை என்கிறார்கள். கட்டி இல்லையா?

பூஞ்சையில் மூன்று வெவ்வேறு நோய் இருக்கிறது, பெயர் ஒன்று என்பதால் எல்லோரும் குழம்புகிறார்கள்.

பூஞ்சைப் பந்து: எதிர்ப்பு சக்தி நன்றாக இருப்பவருக்கு ஒரே சைனஸில் சேரும் குவியல். வாசலைப் பெரிதாக்கி, உள்ளே பிசுபிசுவென்று உதிரும் பச்சை, பழுப்பு, கறுப்புக் கலவையைக் கழுவியும் சுரண்டியும் எடுத்தால் முடிந்தது. பூஞ்சை மருந்தே தேவையில்லை. வளைவான கருவிகளை எட்டாத மூலைகளுக்குள் விட்டு, கோணக் கேமராவில் பார்த்துப் பார்த்துக் கழுவ வேண்டும், ஒரு துணுக்கு மிஞ்சினால் திரும்ப வரும்.

இரண்டாவது அலர்ஜி வகை. பூஞ்சை உள்ளே நுழைவதில்லை, அதற்கு உடம்பு காட்டும் அலர்ஜியால் பசை போன்ற கெட்டிச் சளி சைனஸ்களை நிரப்பிச் சுவர்களைத் தள்ளும். கண் பிதுங்கும் அளவுக்குப் போவதும் உண்டு, ஸ்கேனைப் பார்த்தால் பயங்கரமாக இருக்கும். ஆபரேஷனோடு ஸ்டீராய்டும் நீண்டநாள் கவனிப்பும் தேவை.

மூன்றாவதுதான் ஆபத்தானது, திசுவுக்குள் புகுந்து ரத்தக் குழாய்களை அடைக்கும் வகை. 2021-இல் கோவிட் அலையின்போது 'கறுப்புப் பூஞ்சை' என்று செய்திகளில் அடிபட்ட மியூகர்மைகோசிஸ் இந்த வகை. கட்டுக்கடங்காத சர்க்கரை, ரத்தப் புற்றுநோய், உறுப்பு மாற்று சிகிச்சை, நீண்டநாள் ஸ்டீராய்டு இருப்பவர்களுக்கு வரும். முகம் வலி, வீக்கம், கண் மங்கல், அண்ணத்திலோ மூக்கிலோ கறுப்புத் திட்டு தெரிந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்பது கிடையாது. கேமராவில் பார்த்தால் அந்தத் திசு வெளிறியோ கறுத்தோ இருக்கும், தொட்டால் வலிக்காது, கீறினால் ரத்தம் வராது. அன்றே செத்த திசுவை ரத்தம் கசியும் திசு வரும்வரை வெட்டி எடுத்து, ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் பலிக்காது.

பையனுக்கு 14 வயது. ஒரு பக்க மூக்கில் அடிக்கடி ரத்தம், அடைப்பு. சூடு என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. மேலே சொன்ன ஆஞ்சியோஃபைப்ரோமா கிட்டத்தட்ட ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே, பதின்ம வயதில் வருவது. புற்றுநோய் இல்லை, ஆனால் மூக்கின் பின்பக்கச் சின்னத் துளை ஒன்றிலிருந்து தொடங்கிக் கன்னத்துக்குப் பின்னாலும் கண்குழிக்கும் மண்டைக்குள்ளும்கூட நீளும். கான்ட்ராஸ்ட் போட்ட ஸ்கேனில் பளிச்சென்று ஒளிரும், கன்னத்துச் சைனஸின் பின்சுவர் முன்னோக்கி வளைந்திருக்கும். பையனின் வயது, ரத்தம், இந்தப் படம் மூன்றும் சேர்ந்தால் பயாப்ஸி இல்லாமலே முடிவு செய்துவிடுவார்கள்.

ஆபரேஷனுக்கு 24 முதல் 72 மணி நேரம் முன்பு, தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் கிளைகளை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் எம்போலைசேஷன். அடைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தால் புதுக் கிளைகள் முளைத்துவிடும் என்பதால்தான் அந்தக் கணக்கு. பிறகு பெரும்பாலானவற்றை இப்போது மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள்.

நெற்றி எலும்பில் ஆஸ்டியோமா இருக்கிறதாம். எடுத்தே ஆக வேண்டுமா?

சைனஸ்களில் வரும் நல்ல கட்டிகளில் மிகப் பொதுவானது இதுதான், மெதுவாக வளரும் வெறும் எலும்பு. சின்னதாக, வாசலை அடைக்காமல், தொந்தரவு இல்லாமல் இருந்தால் இடைவெளி விட்டு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாசலை அடைக்கிறது, கண்ணையோ மூளையையோ தள்ளுகிறது, வேகமாகப் பெருக்கிறது என்றால் எடுக்க வேண்டும். தலைவலிக்கு அதுதான் காரணம் என்று அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளாதீர்கள், எடுத்த பிறகும் தலைவலி இருப்பவர்கள் நிறைய. தாடை, மண்டையோடு என்று பல இடங்களில் ஆஸ்டியோமா இருந்தால் மட்டும் கார்ட்னர் சிண்ட்ரோமை நினைத்துப் பெருங்குடலையும் பரிசோதிக்க வேண்டும், அங்கே புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப்கள் இருக்கும்.

மியூகோசீல் என்றால்?

வாசல் அடைபட்ட சைனஸில் சளி சேர்ந்து சேர்ந்து பை மாதிரி வீங்குவது. பழைய அடி, பழைய ஆபரேஷன் இவற்றுக்குப் பல வருடம் கழித்து, கண் மெல்ல மெல்லக் கீழே தள்ளப்படுவதில் தெரியவரும். முழுப் பையையும் உரிக்க வேண்டியதில்லை, மூக்குக்குள் அகலமாகத் திறந்து வடியவிட்டாலே போதும். சீழ் பிடித்துப் பார்வை மங்கினால் மட்டும் அவசரம்.

ஈரமான, சிவந்த, மேலே வெள்ளைப் புள்ளி தெளித்த சதை. தொட்டாலே ரத்தம். இது என்ன?

ரைனோஸ்போரிடியோசிஸ் என்பதற்கான அடையாளம் அது. தேங்கிய நீரில் குளிப்பவர்களிடம் அதிகம் காணப்படுகிறது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. நெடுங்காலம் இதைப் பூஞ்சை என்றே நினைத்தார்கள், மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு இந்த உயிரி பூஞ்சையே இல்லை, நீரில் வாழும் மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளுக்கு உறவு என்று தெரிந்தது. மருந்தால் மட்டும் போகாது. முழுதாக எடுத்து அடியைச் சுட வேண்டும், ஆபரேஷனில் சிதறும் துணுக்கு வேறிடத்தில் ஒட்டி முளைக்கும் என்பதால் மூக்கை நன்றாகக் கழுவி முடிப்பார்கள்.

புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. உடனே ஆபரேஷனா?

எல்லாவற்றுக்கும் இல்லை. லிம்போமா என்றால் கீமோவும் கதிர்வீச்சும்தான், கட்டியை முழுக்க வெட்டி எடுப்பதால் ஒரு லாபமும் இல்லை. முதலிலேயே வகை தெரிய வேண்டும் என்று பயாப்ஸிக்கு அவ்வளவு அடித்துக்கொள்வது இதற்காகவும்தான். செதிள்செல் புற்றுநோய்தான் இங்கே மிகப் பொதுவானது, முக்கியமாகக் கன்னத்துச் சைனஸில். அதற்கு ஆபரேஷன், பிறகு கதிர்வீச்சு என்பது வழக்கமான பாதை. சில வேகமான வகைகளுக்கு முதலில் கீமோ கொடுத்து, கட்டி எப்படிச் சுருங்குகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்வார்கள்.

இரு கண்களுக்கும் நடுவே உள்ள எத்மாய்டு சைனஸில் வரும் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய்க்கும் மரத்தூளுக்கும் உள்ள தொடர்பு 1960-களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரில் நாற்காலி, மேசை செய்யும் தொழிலாளர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பதப்படுத்திய தோலின் தூசு, நிக்கல் ஆலை வேலையும் கணக்கில் வரும். டாக்டர் 'என்ன வேலை பார்த்தீர்கள்' என்று கேட்டால், இருபது முப்பது வருடத்துக்கு முன்பு பார்த்த தச்சு வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அறுவை மருத்துவர், கதிர்வீச்சு, கீமோ, ரேடியாலஜி, நோய்க்குறியியல் மருத்துவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உங்கள் கேஸைப் பேசும் இடத்தில் சிகிச்சை எடுங்கள். அரிதான நோய்க்கு இதுதான் மிகப்பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பது என் கருத்து. கதிர்வீச்சு வரப்போகிறது என்றால் கெட்ட பற்களை முன்கூட்டியே சரிசெய்துவிட வேண்டும், இதைப் பலர் கடைசி வாரத்தில்தான் கேள்விப்படுகிறார்கள்.

முகத்தில் வெட்டு விழுமா?

இப்போது பெரும்பாலும் இல்லை. மேல் ஈறுக்குள் வெட்டி கன்னத்துச் சைனஸின் முன்சுவரை உடைத்துப் போகும் முறையை 1893-இல் கால்டுவெல்லும் 1897-இல் லூக்கும் தனித்தனியே எழுதினார்கள், அடுத்த எண்பது தொண்ணூறு வருடம் அதுவும் மூக்கோரமாக முகத்தில் வெட்டும் முறையும்தான். 1980-களில் மெஸ்ஸர்கிளிங்கர், ஸ்டாம்பெர்கர், கென்னடி போன்றவர்களால் மூக்குக்குள் கேமரா விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப் முறை பரவிய பிறகு நிலைமை மாறியது. மூளையின் அடித்தளம்வரை மூக்கு வழியாகவே போய், உண்டாகும் ஓட்டையை நடுத்தடுப்பின் ஜவ்வையே ரத்தக் குழாயோடு திருப்பி மூடும் முறை 2006-இல் வெளியானதும், முன்பு மண்டையைத் திறந்து செய்த பல ஆபரேஷன்கள் உள்வழியாக வந்துவிட்டன.

ஆனால் கட்டி முகத் தோலுக்கு, அண்ணத்துக்கு, கண்ணுக்குள்ளே, கன்ன எலும்புக்கு வெளியே போயிருந்தால் வெளியிலிருந்து செய்வதுதான் சரி. தழும்பு வேண்டாம் என்பதற்காக முழுதாக எடுக்க முடியாத வழியைக் கேட்டு வாங்காதீர்கள். துண்டு துண்டாக எடுத்தால் புற்றுநோய் பரவாதா என்று கேட்பார்கள். மூக்குக்குள் காற்றில் தொங்கும் பாகத்தை எப்படி எடுத்தாலும் பரவாயில்லை, அது முளைத்த இடத்தை நல்ல விளிம்போடு எடுத்தார்களா என்பதுதான் கணக்கு.

என்னென்ன தவறு நடக்கலாம்?

கண்ணும் மூளையும் ஒரு மெல்லிய எலும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன, அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன். கண்குழிக்குள் ரத்தம் கட்டிப் பார்வையைப் பாதிப்பது, மூளை நீர்க் கசிவு, பெரிய ரத்தக் குழாய்க் காயம் ஆகியவை அரிது, ஆனால் கையெழுத்து வாங்கும்போது சொல்லியே ஆக வேண்டியவை. கன்னமும் மேல் பற்களும் மரத்திருப்பது, கண்ணீர் வழிவது, மோப்பம் குறைவது, மாதக்கணக்கில் உள்ளே பொருக்கு கட்டுவது இவை அதைவிட அடிக்கடி. எந்தப் பக்கம், எந்தச் சுவர் என்பதைப் பொறுத்து உங்கள் ஆபத்து மாறும், பொதுவாகக் கேட்காமல் 'என் கட்டி இருக்கும் இடத்தில் எது பயம்' என்று கேளுங்கள்.

ரத்தம் இளக்கும் மாத்திரை, ஆஸ்பிரின், மீன் எண்ணெய், மூலிகை மருந்து எது சாப்பிட்டாலும் முன்பே சொல்லிவிடுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. எதைக் கவனிக்க வேண்டும்?

சில நாள் ரத்தம் கலந்த சளி வருவது இயல்பு. டாக்டர் சரி என்று சொல்லும்வரை மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், முக்கி எடையைத் தூக்கக்கூடாது. உப்புநீரில் கழுவுவதுதான் பாதி வைத்தியம். கொதித்து ஆறிய நீரில், சொன்ன அளவில், சொன்ன நாளிலிருந்து. பொருக்கை டாக்டர் கேமரா வழியாகப் பார்த்து எடுப்பார், நீங்களாக நோண்ட வேண்டாம்.

குனியும்போது ஒரு துவாரத்திலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாகச் சொட்டுகிறது, வாயில் உப்புக் கரிக்கிறது என்றால் மூளை நீராக இருக்கலாம். ஒரு சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு போங்கள், பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனையில் உறுதியாகத் தெரியும். கண் வீங்கி வலித்தாலோ பார்வை மங்கினாலோ, கடுமையான தலைவலியோடு கழுத்து இறுகிக் காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் நிற்காமல் கொட்டினாலோ மறுநாள் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

போன வருடம் வேறிடத்தில் 'பாலிப்' எடுத்தார்கள். ஆய்வுக்கு அனுப்பினார்களா என்றே தெரியவில்லை. இப்போது திரும்ப அடைக்கிறது.

ஒரு பக்கப் பாலிப் என்றால் எடுத்தது முழுக்க ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டும். இரு பக்கப் பாலிப் என்றாலும் வலது, இடது தனித்தனி டப்பாவில் போவது நல்லது, இல்லையென்றால் ஏதாவது வித்தியாசமாக வந்தால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழிக்க வேண்டிவரும். பழைய மருத்துவமனையில் கேளுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, உங்கள் திசுவைப் பதித்த மெழுகுத் துண்டுகளையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் ஆய்வகங்கள் வருடக்கணக்கில் வைத்திருக்கும், அதைக் கடன் வாங்கி இன்னொரு நிபுணரிடம் திரும்பப் பார்க்கலாம். ஆபரேஷன் குறிப்பையும் ஒரு நகல் வாங்குங்கள், கட்டி எந்தச் சுவரில் ஒட்டியிருந்தது என்ற ஒரு வரி அதில் இருந்தால் அடுத்தவருக்கு அது பொக்கிஷம்.

எத்தனை வருடம் திரும்பத் திரும்பப் போய்க் காட்ட வேண்டும்?

வகையைப் பொறுத்தது. பூஞ்சைப் பந்தும் மியூகோசீலும் சில மாதத்தில் உங்களை விட்டுவிடும். இன்வெர்ட்டட் பாப்பிலோமா திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்தில், ஆனால் அதற்குப் பிறகும் வந்திருக்கிறது, அதனால் குறைந்தது 5 வருடம், முடிந்தால் அதற்கு மேலும். கேமராவில் வெறுமனே எட்டிப்பார்க்கும் சோதனைதான், சில நிமிட வேலை, ஒட்டியிருந்த இடம் நேராகத் தெரியாவிட்டால் மட்டும் எம்.ஆர்.ஐ. புற்றுநோய்களில் முதல் இரண்டு வருடம் நெருக்கமாகக் கூப்பிடுவார்கள். நுகர்வு நரம்பின் நியூரோபிளாஸ்டோமா மட்டும் பத்து வருடம் கழித்தும் கழுத்து நெறியில் தலைகாட்டக்கூடியது. அந்த வகை என்றால் ஆயுள் முழுக்கத் தொடர் பரிசோதனை, அதில் மூக்கை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் கழுத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.